கல்லூரியில் படித்துக்கொண்டே டியூஷன்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் என்ன வழி?

கேள்வி | 16.06.2024
கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. புதுச்சேரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்க ஆசை. பயிற்சி மையத்தில் சேருவதா, வீட்டிலேயே டியூஷன் எடுப்பதா? பிளஸ் டூ எடுத்தால்தான் பணம் என்கிறார்கள். இந்த அனுபவம் பிறகு வேலைக்கு உதவுமா? அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

16.06.2024, இரவு
பிளஸ் டூவைத் தொடாதே தம்பி. ஆறு, ஏழு, எட்டு எடு.

பிளஸ் டூ பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் மதிப்பெண்ணுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். காலாண்டில் நாலு மதிப்பெண் குறைந்தால் உன்னை விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. உனக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். அவர்களுக்கு டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு. உன் ரெக்கார்டு நோட்டை எழுதுவாயா, அவர்களுடையதைத் திருத்துவாயா?

ஆள் பற்றாக்குறை இருப்பது நடுநிலை வகுப்பில்தான். காசு குறைவு என்று பெரிய ஆசிரியர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. பயிற்சி மையங்கள் சீண்டுவதே இல்லை. பொதுத்தேர்வு இல்லாததால் பெற்றோரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தபோது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு நடையில் பாய் விரித்து எட்டாம் வகுப்பு வரை எடுத்தேன். பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய், அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வரும் தம்பிக்குப் பாதி. பஸ் செலவு, புத்தகம், தேர்வுக் கட்டணம் எதற்கும் அப்பாவிடம் கை நீட்டவில்லை.

17.06.2024
பயிற்சி மையம் பற்றிக் கேட்டாயே. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பட்டம் பெறாதவரை அங்கே பாடம் எடுக்க வைக்கக் கூடாது, 16 வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. 50 பேருக்கு மேல் படிக்கும் இடம்தான் அதன் கணக்கில் மையம். வீட்டு நடையில் உட்காரும் பத்துப் பிள்ளைகள் அதில் சேர மாட்டார்கள்.

மாநில அரசுகள் விதி போட்டால்தான் அந்த நெறிமுறைக்குக் கை கால் முளைக்கும். ஆனால் அதுவரை அதைக் காட்டி உன் சம்பளத்தைக் குறைப்பார்கள். "நீ இன்னும் பட்டதாரி இல்லை, ஆசிரியர் என்று பெயர் எழுத முடியாது, உதவியாளர் என்று வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். பெயர்தான் உதவியாளர். சந்தேகம் தீர்ப்பது, விடைத்தாள் திருத்துவது, ஆசிரியர் வராத நாளில் வகுப்பு எடுப்பது எல்லாம் நீ.

17.06.2024, சற்று நேரம் கழித்து
இன்னொன்று. அசல் மதிப்பெண் பட்டியலை எவரிடமும் கொடுக்காதே. என் தோழி ஒரு மையத்தில் கொடுத்துவிட்டாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்காகத் திரும்பக் கேட்டபோது "கல்வியாண்டு முடியட்டும் பார்க்கலாம்" என்றார்கள். அவள் அப்பா போய் நின்ற பிறகுதான் கைக்கு வந்தது. நகல் கொடுத்தால் போதும். டியூஷன் பிடித்துத் தருகிறேன், முன்பணம் கட்டு என்று கைபேசியில் அழைப்பவர்களிடம் பேச்சை வளர்க்காதே.

20.06.2024
"பள்ளி ஆசிரியர்களே டியூஷன் எடுக்கும்போது நம்மிடம் யார் வருவார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர் எவரும் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. எடுப்பவர்கள் பலகை மாட்டாமல் எடுப்பது அதனால்தான். கல்லூரி மாணவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. தைரியமாகக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

23.06.2024
தம்பி தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர் என்பதால் இது முக்கியம். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பாடநூல் மாறிவிடுகிறது.

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் இருந்தன. 2023-24இல் பல வகுப்புகள் சிபிஎஸ்இக்கு மாறின, பத்தும் பன்னிரண்டும் 2024-25இல் மாறின. கிருமாம்பாக்கத்திலோ பாகூரிலோ ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை 2025இல் எழுதும் தேர்வை அவர்கள் பள்ளியில் அதற்கு முன் எவரும் எழுதியதில்லை. அக்கா எழுதிய நோட்டு தம்பிக்கு உதவாது. நாம் கடலூரில் படித்த புத்தகத்தை நம்பிக்கொண்டு போனாலும் அதே கதைதான்.

நம் பக்கத்தில் பாடத்தின் பின்பக்க வினாக்களையும் ஒரு மதிப்பெண் வினாக்களையும் உருப்போட்டுத் தேறிவிடலாம். அங்கே வினாத்தாளில் பாதி, படித்ததைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள். பத்தாம் வகுப்புக் கணக்கிலும் இரண்டு வகை உண்டு. 041 என்றால் ஸ்டாண்டர்டு, 241 என்றால் பேசிக். பாடம் ஒன்றே, வினாத்தாளின் கடினம் வேறு. உங்கள் பிள்ளை எந்த எண் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது.

ஆறாம் வகுப்புக்கு, சிபிஎஸ்இ பாடநூல்களைப் போடும் என்சிஇஆர்டி 2024இல் புதுப் புத்தகம் கொண்டுவருகிறது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். இணையதளத்தில் பாடநூல்கள் இலவசம், தமிழ்நாட்டுப் புத்தகங்களும் அப்படியே.

24.06.2024
"அப்படியானால் கல்லூரி விட்டு வரும் வழியில் கிருமாம்பாக்கத்தில் இறங்கி ஒரு மணி நேரம் எடுக்கலாமே, தேவை அங்கேதானே" என்று ஒரு வாசகர். நல்ல யோசனைதான், பையன்களுக்கு. மழைக்காலத்தில் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் நின்று கைகாட்டி பஸ் ஏறுவதை எந்தத் தங்கைக்கும் நான் சொல்ல மாட்டேன். நிறுத்தத்தில் நில்லாமல் போகும் பஸ்ஸைப் பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம்.

30.06.2024
சேரும் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டவுடனே அந்த வகுப்புப் புத்தகத்தைத் திறக்காதே தம்பி. இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். முதல் நாள் ஒரு வகுத்தல் கணக்கு கொடு.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். இயற்கணிதம் வரவில்லை என்று அவன் அம்மா சொன்னார். 612ஐ 6ஆல் வகுக்கச் சொன்னேன். ஆறில் ஆறு ஒரு முறை, 1 எழுதினான். அடுத்து இருந்த 1ஐ இறக்கினான். ஒன்றில் ஆறு போகாது என்று வாயால் சொன்னான், ஆனால் மேலே பூஜ்ஜியம் போடவில்லை. நேராக 2ஐ இறக்கி, பன்னிரண்டில் இரண்டு முறை என்று 2 எழுதினான். விடை 12. திரும்பப் பெருக்கிப் பார் என்றேன். 72 வந்தது. ஸ்லேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு "கணக்கு தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றான். 600 ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்றேன். நூறு. மீதிப் பன்னிரண்டை? இரண்டு. அப்புறம்தான் அந்த இடத்தில் பூஜ்ஜியம் வந்து உட்கார்ந்தது. இதைச் சரி செய்யாமல் அவனுக்கு எக்ஸ், ஒய் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? நாலாம் வகுப்பில் தவறவிட்டதை நாலு ஆண்டுகளாக எவரும் கேட்கவில்லை.

பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ஏசர் கல்விக் கணக்கெடுப்பில் இதையேதான் செய்கிறார்கள். வீடு வீடாகப் போய் எழுத்து, சொல், பத்தி, கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்வார்கள். கணக்கில் எண் அடையாளம், கடன் வாங்கும் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். அதே வரிசையில் நீயும் சோதித்துப் பார். அரை மணி நேரம்கூட ஆகாது.

பட்டம் இல்லாதவர் சொல்லிக்கொடுத்தால் ஏறுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: மும்பையிலும் வதோதராவிலும் அதே அமைப்பு, பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களைப் 'பாலசகி' என்று வைத்து, பின்தங்கிய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை மட்டும் சொல்லிக்கொடுக்க வைத்தது. அதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு. 2019இல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். மதிப்பெண் கூடியது, அதிலும் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் கூடியது.

07.07.2024
தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கி வைத்தார்கள், முதலில் எடுத்த 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாலை ஐந்திலிருந்து ஏழு, ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் 20 பிள்ளைகள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ போதும் என்றார்கள், ஆறிலிருந்து எட்டு வரைக்குப் பட்டம் கேட்டார்கள். அதாவது கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க முடிந்தது. கொரோனா இடைவெளியை நிரப்ப வந்த திட்டம், பிறகு மையங்களைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள், இருந்தால் சொல்வார்.

07.07.2024, இரவு
தூக்கம் வரவில்லை, ஒரு கிளைக்கதை. படிக்கிற பிள்ளையே பாடம் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். வாத்தியார் வெற்றிலை போடும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பவன் அவன்தான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இலிருந்து சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தினார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, மூத்த பையன்களை வைத்து இளையவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்தார். ஊருக்குத் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் கல்லூரி என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. சட்டாம்பிள்ளைக்கு அங்கே ஒரு சிலை வைத்திருக்கலாம்.

14.07.2024
300 ரூபாய் என்று நான் எழுதியதற்கு ஒரு சகோதரி கோபப்பட்டிருக்கிறார். "உங்களைப் போன்றவர்கள் குறைத்து வாங்கி எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள்" என்கிறார். அவர் முழுநேரமாக டியூஷன் எடுத்துக் குடும்பம் நடத்துபவர். நான் எழுதியது என் கல்லூரிக் காலத்துத் தொகை. இருந்தாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே தெருவில் அவர் 600 வாங்கும்போது மாணவன் ஒருவன் 200க்கு உட்காரக் கூடாது. தெருவில் என்ன வாங்குகிறார்களோ அதையே வாங்கு, கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் குறைத்துக்கொள். குறைத்ததை மற்ற அம்மாக்களிடம் சொல்லாதே.

பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு: பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அது வீட்டுக்குப் போய்ச் சேராது, சேர்ந்தால் பிள்ளைக்குத் திட்டு. மாத முதல் வாரத்தில் அம்மாவிடம் நேராகக் கேளுங்கள்.

21.07.2024
புதுச்சேரியில் பி.ஏ. பிரெஞ்சு படிக்கும் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். "பிளஸ் டூவைத் தொடாதே என்கிறீர்கள், நான் பதினொன்று, பன்னிரண்டுதான் எடுக்கிறேன், ஒரு சிக்கலும் இல்லை" என்கிறார்.

சரி, மொழிப்பாடத்துக்கு என் விதி பொருந்தாது. புதுச்சேரியில் மதிப்பெண்ணுக்காக இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் எவருக்கும் ஒரு சொல் தெரியாது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியும், 1889இல் வந்த அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையமும் இருக்கும் ஊர் என்பதால் கற்றவர்களுக்கும் பஞ்சமில்லை. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1, பி2 நிலைகளை முடித்த மாணவிக்குப் பட்டத்தைவிட அந்தச் சான்றிதழ்தான் மதிப்பு.

கடலூரில் அந்த இடத்தில் இந்தி. 1918இல் தொடங்கிய இந்தி பிரசார சபையின் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். மேல்நிலைத் தேர்வான பிரவீண் வரை முடித்த பெண்கள் வீட்டிலேயே தொடக்கத் தேர்வுகளான பிராத்மிக், மத்யமா சொல்லிக்கொடுக்கிறார்கள். அரசியலில் என்ன சண்டை நடந்தாலும் வாசலில் செருப்பு குறைவதில்லை.

04.08.2024
ஒரு தந்தை கேட்டதற்குப் பதில். பையன் டியூஷன் எடுக்கப் போகிறான் என்றால் இதையெல்லாம் சொல்லி அனுப்புங்கள். கதவு திறந்தே இருக்க வேண்டும். கூடத்தில் உட்கார வேண்டும், அறையில் அல்ல. ஒரே ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. செய்தி அனுப்புவது அம்மாவின் எண்ணுக்கு, பிள்ளையின் கைபேசிக்கு அல்ல. அடிக்கக் கூடாது, காதைத் திருகுவதும் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இலிருந்து இருக்கிறது. பிள்ளைக்கு எவ்வளவு காப்போ, ஒழுங்காக நடந்துகொள்ளும் ஆசிரியருக்கும் இந்த வழக்கம் அவ்வளவு காப்பு. வீட்டுக்குப் போய் எடுக்கும் பெண்களும் அந்த வீட்டில் பெரியவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டே உள்ளே போகட்டும்.

13.10.2024
நேற்று விஜயதசமி. கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: மூன்று அம்மாக்கள் தட்டில் வெற்றிலை, பூ, பொரி, மஞ்சள் தடவிய புது நோட்டு வைத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்களாம். தட்சிணையை வாங்குவதா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பமாம். வாங்கு. வேண்டாம் என்றால் அபசகுனம் என்பார்கள். அதை அந்த மாதக் கட்டணத்தில் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய் பார், நீ வியாபாரம் பண்ணிப் பிழைத்துக்கொள்வாய்.

08.12.2024
நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததிலிருந்து இந்தப் பக்கம் யாரும் எழுதவில்லை. புதுச்சேரி ஒரே நாள் மழையில் மூழ்கியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை நம் பக்கம் ஏறியது. தம்பியிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்துப் போடாதீர்கள். பக்கங்கள் அலையாக நெளிந்து ஒட்டிக்கொள்ளும். நாலு பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் வைத்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்தி வையுங்கள், ஈரம் ஏறிய தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு மேலே அம்மிக்குழவி மாதிரி கனமாக எதையாவது ஏற்றுங்கள். கிழிந்துபோன பாடத்தை மட்டும் இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்தால் போதும். இந்த மாதம் கட்டணம் கேட்காதே என்று தம்பிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே விட்டுவிட்டார்.

19.01.2025
இந்த அனுபவம் பிறகு வேலைக்கு உதவுமா என்ற கேள்விக்கு இத்தனை நாள் பதில் சொல்லவில்லை. டியூஷன் எடுத்ததை எந்த அரசு வேலையிலும் ஆசிரியர் அனுபவமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆசிரியராக வேண்டுமானால் பி.எட்., 2015இலிருந்து அது இரண்டு ஆண்டுப் படிப்பு. பிறகு தகுதித் தேர்வு. அதில் டியூஷனுக்கென்று தனி மதிப்பெண் இல்லை. தனியார் பள்ளி நேர்காணலில் மட்டும் வித்தியாசம் தெரியும். "பத்து நிமிடம் வகுப்பு எடுங்கள்" என்று கரும்பலகை முன் நிறுத்துவார்கள். முதல் முறை நிற்பவருக்கு வியர்க்கும், பாயில் உட்கார்ந்து எடுத்துப் பழகியவருக்கு வியர்க்காது.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் மாலை வகுப்பு எடுத்தால் அதில் சேருமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மரம் நட அழைப்பார்கள். வகுப்பு எடுக்கிறேன் என்று நாமாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

16.02.2025
நேற்று சிபிஎஸ்இ தேர்வு தொடங்கியது. தம்பி கடைசியில் கிருமாம்பாக்கத்தில் இறங்கித்தான் விட்டார். பொங்கலுக்குப் பிறகு அங்கே ஒரு வீட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறாராம். எட்டுக்கு மேல் போகாதே என்று நான் எழுதியதை அவர் காதில் வாங்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்கிறார். அது எனக்குத் தோன்றவில்லை. புதுப் பாடத்திட்டம் வந்த ஊரில் பழைய கைகளுக்கும் அது புதிதுதான், அங்கே என் எட்டாம் வகுப்பு எல்லையைத் தளர்த்திக்கொள்ளலாம். உன் செமஸ்டரில் அரியர் விழுந்தால் மட்டும் என்னிடம் வராதே.

02.03.2025
மே மாதக் கட்டணம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வகுப்பு இல்லாத மாதத்துக்குப் பணம் கிடையாது, கேட்கவும் கூடாது. அதற்குப் பதில் ஏப்ரல் கடைசியிலேயே ஜூனில் வருபவர்கள் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடும், அவர்களை விடாதீர்கள். மேயில் சும்மா இருக்க முடியாதவர்கள் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் காலையில் ஒரு மணி நேரம் எடுக்கலாம், பத்து மணிக்கு மேல் கடலூர் வெயிலில் யாரும் வர மாட்டார்கள்.